கப்பற்கொடியும் கடல் மரியாதையும்

ஆடித் திருவாதிரை நெருங்கிவிட்டால் கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் செல்லும் சாலை நெடுகிலும் கப்பல்கள் மிதக்கத் தொடங்கிவிடுகின்றன. ஓவியர்கள் துணியிலும் தகட்டிலும் தீட்டி நிறுத்தும் கப்பல்கள் அவை. பாய் புடைத்திருக்கும்; அணியத்தில் அலை மோதும்; கூம்பின் உச்சியில் புலிக்கொடி பறக்கும்; அதன் கீழே முதலாம் இராஜேந்திரன் வாளேந்தி நிற்பான். கடாரப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2025-ம் வருஷம் ஜூலை மாதம் நடைபெற்ற விழாவுக்குப் பாரதப் பிரதம மந்திரியே நேரில் வந்து, சோழ மன்னனின் நினைவாக நாணயமும் வெளியிட்டுச் சென்றார். கொள்ளிடத்துக்கு வடக்கே, கடலைக் கண்ணால் காண முடியாத ஓர் உள்நாட்டு ஊரில், ஜனங்கள் திரளாகக் கூடிக் கடலைப் பற்றிப் பேசுகிறார்கள். இது மகிழத்தக்க விஷயமே.

ஆனால் கொடியைப் பற்றிய பேச்சு எழுந்ததும் மகிழ்ச்சி வழக்காக மாறிவிடுகிறது. தமிழன் கப்பலேறினால் புலிக்கொடியைத்தான் ஏற்ற வேண்டும் என்பார் ஒருவர். மூவர்ணக் கொடியைத் தவிர வேறெந்தக் கொடியும் கப்பலில் தலைகாட்டலாகாது என்பார் மற்றொருவர். இருவரும் உரக்கப் பேசுகிறார்கள், இருவரும் தேசாபிமானிகளே. எனினும் இருவரும் கரையில் நின்று பேசுகிறவர்கள் என்பதை நாம் சொல்லாமலிருக்க முடியவில்லை. பாய்மரக் கப்பலில் ஒரு கொடிக்கு மட்டும் இடமில்லை. பல கொடிகளுக்கு இடமுண்டு. ஒவ்வொன்றுக்கும் உரிய இடமும் உரிய வேளையும் உரிய முறையும் உண்டு. நமது விழாக்களில் மேடையேறாத அந்த முறையைப் பற்றியே இன்று சில வார்த்தை எழுத விரும்புகிறோம்.

கப்பலுக்கும் கொடிக்கும் உள்ள சம்பந்தம் நமக்குப் புதிதன்று. பட்டினப்பாலையைப் படித்தவர்கள் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளின் காட்சியை மறக்கமாட்டார்கள். கோயிற் கொடி, வீரர்க்குப் படையலிடும் கொடி, வாதம் புரியும் அறிஞர் நாட்டிய கொடி, கள் விற்கும் கடைக்கொடி ஆகியவற்றின் நடுவே, துறையில் அசைந்தாடும் நாவாய்களின் கூம்பிற் பறக்கும் கொடியையும் புலவர் காட்டுகிறார். மதுரைக்காஞ்சியிலும் கொடி பறக்க, முரசு முழங்கக் கரை சேரும் கப்பல்கள் வருகின்றன. பட்டினப்பாலையிலேயே நமது விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்றிருக்கிறது. துறைமுகத்தில் வந்திறங்கும் பொதிகளின்மீது சுங்க அதிகாரிகள் சோழனுடைய புலி முத்திரையைப் பொறித்து அனுப்பினார்கள். இந்தப் பொதி அரசன் அறிய வந்தது, இதற்கு அவன் காவலுண்டு, இதற்குரிய சுங்கம் வாங்கியாயிற்று என்பதே அம்முத்திரையின் பொருள். புலி அங்கே அலங்காரமாக நிற்கவில்லை, பொறுப்பேற்றுக்கொண்டு நின்றது. கப்பற்கொடியின் பொருளும் இதுவேதான்.

இராஜேந்திரனுடைய மெய்க்கீர்த்தி கடல் கடந்த வெற்றியைப் பெருமிதத்தோடு கூறுகிறது. அலைகடல் நடுவே கலங்கள் பல செலுத்திய செய்தியும், ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று ஊர்களின் வரிசையும் அதில் இருக்கின்றன. கூம்பின் உச்சியிலே பறந்த கொடியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கொடியை நமது ஓவியர்களே அன்புடன் ஏற்றியிருக்கிறார்கள். அதற்காக அவர்களை நாம் குறை கூறவில்லை; புலி சோழரின் இலச்சினை என்பதில் சந்தேகமில்லை. சோழர் செப்பேடுகளின் முத்திரையிலே புலியும், அதன் பக்கத்தில் இரண்டு மீன்களும், வில்லும், மேலே குடையும் இருப்பதைக் காணலாம். மீன் பாண்டியனுக்குரியது, வில் சேரனுக்குரியது. பிறருடைய சின்னங்களைத் தன் முத்திரையில் வைப்பது அக்காலத்தில் வென்றதற்கு அடையாளம். இக்காலத்துக் கப்பல்களும் பிறநாட்டுக் கொடியை ஏற்றுவதுண்டு. அதன் பொருள் வேறு. அதைப் பின்னர் சொல்கிறோம்.

நடுக்கடலில் ஒரு கப்பல் யாருடையது? அதில் குற்றம் நடந்தால் எந்த நாட்டுச் சட்டம் செல்லும்? அது பிறரைத் துன்புறுத்தினால் யாரைக் கேட்பது? பிறர் அதைத் துன்புறுத்தினால் யார் கேட்பது? இந்நான்கு கேள்விகளுக்கும் கப்பலின் பின்புறத்தில் பறக்கும் கொடி ஒன்றே பதில் சொல்கிறது. 1982-ம் வருஷத்து ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட ஒப்பந்தம் இதைத் திட்டமாக வகுத்திருக்கிறது. எந்த நாட்டின் கொடியைப் பறக்கவிடக் கப்பலுக்கு உரிமையுண்டோ அந்நாடே அதன் நாடு. ஒரு நாட்டின் கொடியின்கீழ் மட்டுமே கப்பல் ஓடலாம். சௌகரியம்போல் இரண்டு கொடிகளை மாற்றி மாற்றி ஏற்றும் கப்பல் நாடற்ற கப்பலுக்குச் சமானமாக எண்ணப்படும். நாடற்றது என்றோ, கொடி காட்ட மறுக்கிறது என்றோ நியாயமான சந்தேகம் எழுந்தால் போர்க்கப்பல் அதை நிறுத்திச் சோதிக்கலாம். கடற்கரையே இல்லாத நாடுகளுக்கும் கடலில் கொடி பறக்கவிடும் உரிமையுண்டு. இது 1921-ல் பார்ஸிலோனாவில் ஒப்புக்கொள்ளப்பட்டது. இன்று உலகத்து வணிகக் கப்பல்களில் பெரும் பகுதி பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகிய சிறு நாடுகளின் கொடிகளின்கீழ் ஓடுகிறது என்பதும், நமது மாலுமிகளில் மிகப் பலர் அந்நியக் கொடியின்கீழ் வேலை செய்து பிழைக்கிறார்கள் என்பதும் உலகறிந்தவை. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் பால்டிமோர் பாலத்தை இடித்து வீழ்த்திய கப்பலில் இருந்தவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். கப்பலின் பின்னே பறந்தது சிங்கப்பூர்க் கொடி.

நமது நாட்டார் இந்த உண்மையை அனுபவித்தே கற்றார்கள். 1894-ம் வருஷத்துப் பிரிட்டிஷ் கப்பற் சட்டப்படி, பிரிட்டிஷ் பிரஜைகளுக்குச் சொந்தமான கப்பல் அந்நிய துறைமுகத்தில் நுழையும்போதும் வெளியேறும்போதும் அவர்களுடைய சிவப்புக் கொடியை ஏற்றியே தீரவேண்டும். மன்னருடைய போர்க்கப்பல் சைகை காட்டினாலும் ஏற்ற வேண்டும். நாமோ அந்நாளில் பிரிட்டிஷ் பிரஜைகள் என்று எழுதப்பட்டிருந்தோம். 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ. உ. சிதம்பரம் பிள்ளை, ஜனங்களிடம் பங்கு சேர்த்துக் கப்பல் வாங்கலாம்; சுதேசி மாலுமிகளை அமர்த்தலாம்; அந்நியக் கம்பெனியின் கட்டணப் போட்டிக்கும் ஈடுகொடுக்கலாம். கப்பலின் பின்புறத்தில் தன் தேசத்தின் கொடியை ஏற்றும் உரிமை மட்டும் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அவருக்குக் கிடைக்காது. ஏனெனில் சட்டத்தின் கண்ணில் அப்படி ஒரு தேசமே இல்லை. 1908-ல் அவரைச் சிறையிட்டார்கள். 1911-ல் கம்பெனி கலைந்தது. கப்பல் இழந்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள். கொடி இல்லாமலிருந்த கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமென்று நாம் கருதுகிறோம்.

முப்பத்தெட்டு வருஷம் கழித்து, 1946 பிப்ரவரி 18-ம் தேதி, பம்பாயில் தல்வார் என்னும் கடற்படை நிலையத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவர்கள் செய்த முதற்காரியங்களில் ஒன்று கப்பல்களிலிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியது. அதன் இடத்தில் காங்கிரஸ் கொடியையும், முஸ்லிம் லீகின் கொடியையும், செங்கொடியையும் ஏற்றினார்கள். ஒரே கப்பலில் மூன்று கொடிகள்! கடற்சட்டம் படித்த கனவான்கள் இதை முறைகேடு என்பார்கள். உண்மையே. நாடு இல்லாதவன் தன் நாடு எதுவென்று தேடித் தவித்ததன் அடையாளம் அது. தவிப்பு உடனே தீர்ந்துவிடவும் இல்லை. 1947 ஜூலை 22-ம் தேதி அரசியல் நிர்ணய சபை மூவர்ணக் கொடியை ஏற்றுக்கொண்ட பிறகும், 1950 ஜனவரி 26-ம் தேதிவரை நமது போர்க்கப்பல்களின் பின்னே பிரிட்டனின் வெண்கொடியே பறந்தது. அன்று அக்கொடியின் மூலையில் மூவர்ணம் இடம்பெற்றது, செஞ்சிலுவை தங்கிவிட்டது. 2001 ஆகஸ்டு 15-ல் சிலுவையை நீக்கினார்கள். நீலச் சின்னம் கடலிலும் வானிலும் கலந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று குறை எழவே, 2004-ல் சிலுவை திரும்ப வந்தது. கடைசியாக 2022 செப்டம்பர் 2-ம் தேதி, கொச்சியில் விக்ராந்த் கப்பல் கடற்படையில் சேர்ந்த தினத்தில், அது விலகி, சத்ரபதி சிவாஜியின் முத்திரையை நினைவூட்டும் எண்கோணச் சின்னம் அமர்ந்தது. சிவாஜிக்கு இடமிருக்கும்போது இராஜேந்திரனுக்கு ஏன் இல்லை என்று தமிழர்கள் கேட்கக்கூடும், நாமும் கேட்டதுண்டு. எனினும் தூரத்தில் தெரியாத கொடி கொடியாகாது என்று 2004-ல் கற்ற பாடத்தை, சின்னங்களுக்காக வாதாடுகிறவர்கள் மறக்கலாகாது.

இனி முறைக்கு வருவோம். வாசகர்களுக்கு விளங்கும் பொருட்டு, நாகப்பட்டினத்திலிருந்து சிறிய பாய்மரக் கப்பலொன்று பழைய கடாரத்தை நோக்கிப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். கடாரமென்பது இன்றைய மலேஷியாவின் கெடா மாநிலம். அதைச் சேர்ந்த லங்காவித் தீவுக்குப் பல தேசத்துப் பாய்மரப் படகுகள் வந்து தங்குகின்றன. ஆயிரம் கடல் மைலுக்கு மேற்பட்ட வழி.

காலை எட்டு மணி. துறையிலிருக்கும் கப்பல்களில் கொடியேற்றும் வேளை அதுதான். தேசத்துக்குரிய கொடி கப்பலின் பின்புறத்தில், நமது செம்படவர்கள் கடையால் என்று வழங்கும் இடத்தில், தனிக்கம்பத்தில் ஏறுகிறது. கப்பலில் மிக உயர்ந்த இடம் கூம்பின் உச்சியாயிருக்க, மிக உயர்ந்த மரியாதை ஏன் பின்புறத்துக்கு என்று சிலர் திகைக்கலாம். பழைய நாட்களில் கப்பல் தலைவன் நின்று நடத்திய இடம் அது. சுக்கான் அங்கேதான் இருக்கிறது. கப்பலை நடத்துகிற இடமே கப்பலின் பெயரால் பதில் சொல்லும் இடம். பாய் விரித்த பின்னர் கடையாலில் கட்டிய கொடி பாயிலும் கயிற்றிலும் சிக்குமானால், நாற்கோணப் பாயுடைய கப்பலில் அப்பாயைத் தாங்கும் சாய்ந்த மரத்தின் நுனிக்கு அதைக் கொண்டுபோகலாம். முக்கோணப் பாயுடைய படகில் பாயின் பின்விளிம்பில், அடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் கட்டுவதும் உண்டு.

சூரியன் அஸ்தமிக்கும்போது கொடியை இறக்க வேண்டும். கரையில் பிரஜைகள் ஏற்றும் தேசியக்கொடி இரவும் பகலும் பறக்கலாமென்று 2022 ஜூலையில் விதி தளர்த்தப்பட்டது. கடற்சம்பிரதாயமோ இன்னும் சூரியனையே பார்க்கிறது. ஒருவரும் கண்ணில் படாத நடுக்கடலில் கொடியை இறக்கிப் பத்திரப்படுத்திவிட்டு, வேறு கப்பலோ கரையோ தென்படும்போது ஏற்றிக்கொள்வதில் தவறில்லை. உப்புக்காற்றில் ஓயாமல் அடிபட்டு நார் நாராய்க் கிழிந்த கொடியைக் காட்டுவதைக் காட்டிலும் அது மேல்.

வழியில் ஒரு போர்க்கப்பல் எதிர்ப்படுகிறது. வணிகக் கப்பல் தன் கொடியைப் பாதியளவு தாழ்த்துகிறது. போர்க்கப்பலும் தன் கொடியைத் தாழ்த்தி மீண்டும் ஏற்றுகிறது. அதன் பிறகே வணிகக் கப்பல் தன்னுடையதை உயர்த்துகிறது. அரை நிமிஷத்தில் முடிந்துவிடும் காரியம். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு தேசத்து மனிதர்கள் நடுக்கடலில் வணக்கம் சொல்லிப் பிரிகிறார்கள். நமது வாசகர்களில் சட்டம் அறிந்தவர்கள் இங்கே குறுக்கிடக்கூடும்: யாருக்கும் எதற்கும் வணக்கமாக இந்திய தேசியக்கொடியைத் தாழ்த்துவது 1971-ம் வருஷத்து தேசிய கௌரவ அவமதிப்புத் தடைச் சட்டப்படி குற்றமாயிற்றே என்று. சரியான கேள்வி. இதற்காகவே கப்பலுக்கென்று தனிக்கொடி இருக்கிறது. இந்திய வணிகக் கப்பல்களின் கொடி சிவந்த நிலமுடையது. அதன் மேல் மூலையில் மூவர்ணம் இருக்கிறது. கடலில் தாழ்ந்து நிமிர்வது இந்தக் கப்பற்கொடியே. வீட்டுக்கூரையில் ஏற்றும் மூவர்ணத் துணியைத் தாழ்த்தி வணங்கச் சட்டம் யாருக்கும் அனுமதி தரவில்லை. இந்த ஒரு வேற்றுமையைக் கடற்கரையில் எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள் என்று விசாரித்துப் பார்த்தால் நமக்கு வெட்கமே மிஞ்சும்.

லங்காவி கண்ணுக்குத் தெரிகிறது. இப்பொழுது கூம்பின் வலப்புறத்துக் கயிற்றில் மஞ்சட் கொடி ஒன்று ஏறுகிறது. எமது கப்பலில் நோயில்லை, இறங்க அனுமதி தருக என்பது அதன் பாஷை. ஒரு காலத்தில் மஞ்சள் நிறம் கப்பலில் கொள்ளைநோய் உண்டென்று எச்சரித்தது. காலம் அதன் பொருளைத் தலைகீழாக்கிவிட்டது. அதிகாரிகள் வந்து பார்த்து அனுமதி தந்த பின்னர், மஞ்சட் கொடி இறங்கி, அதே வலப்புறக் கயிற்றில் மலேஷியாவின் கொடி ஏறுகிறது. இதற்கு விருந்தினர் கொடி என்று பெயர் சொல்லலாம். உமது கடலில் இருக்கிறோம், உமது சட்டத்துக்கு மரியாதை செய்கிறோம் என்பதே இதன் கருத்து. அதே கயிற்றில் அதற்கு மேலே வேறு கொடி எதுவும் இருக்கலாகாது. அது அழுக்காகவோ கிழிந்தோ இருந்தால், ஏற்றாமலிருப்பதைவிடப் பெரிய அவமரியாதை.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். 1025-ல் எந்தக் கடாரத்தை இராஜேந்திரன் கலங்களை அனுப்பி வென்றானோ, அந்தக் கடாரத்தின் துறைக்கு இன்று போகும் தமிழன் முதலில் செய்வது அவ்வூர்க் கொடியைத் தன் கையால் ஏற்றுவது. வெற்றியின் பெருமையில் ஊறியவர்களுக்கு இது கசப்பாயிருக்குமோ? இருக்க நியாயமில்லை. அந்தப் படையெடுப்புக்கு முன்பே, இராஜராஜன் காலத்தில், ஸ்ரீவிஜயத்து மன்னன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினான். இராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைத் தந்தான். இராஜேந்திரன் அந்தத் தானத்தைச் செப்பேட்டில் நிலைப்படுத்தி, புலியும் மீனும் வில்லும் பொறித்த முத்திரையிட்டான். அயல்தேசத்து மனிதனுக்குத் தன் துறைமுகத்தில் இடம் கொடுத்த மரியாதையும் சோழருடையதே. போரைக் கொண்டாடுகிற விழாவில் அந்தத் தானத்தைப் பற்றியும் பேச இடம் வேண்டும்.

புலிக்கொடிக்கு வருவோம். அதற்குக் கப்பலில் இடமுண்டா? தாராளமாக உண்டு. கப்பலுக்கு உடையவனுடைய கொடி, சங்கத்தின் கொடி, குடும்பத்தின் சின்னம் ஆகியவை கூம்பின் உச்சியிலோ பக்கத்துக் கயிற்றிலோ பறப்பது உலக வழக்கம். உச்சியில் இருப்பதால் அது தேசக்கொடிக்கு மேற்பட்டதாகிவிடுவதில்லை; கடையாலின் கௌரவம் கடையாலுக்கே. நமது கடற்படையே இதற்கு நல்ல உதாரணம் காட்டியிருக்கிறது. அஜந்தா ஓவியத்தைப் பார்த்து, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கௌண்டின்யா என்ற பாய்மரக் கப்பல் 2025 மே 21-ம் தேதி கார்வாரில் கடற்படையில் சேர்ந்து, அவ்வருஷம் டிசம்பரில் போர்பந்தரிலிருந்து மஸ்கட்டுக்குப் பாய் விரித்தது. அதன் பாய்களில் கதம்பருடைய கண்டபேருண்டப் பட்சியும் சூரியனும் தீட்டப்பட்டிருக்கின்றன. அணியத்தில் சிம்ம யாளி இருக்கிறது. பழைய அரசர்களின் சின்னம் பாயிலே. குடியரசின் கொடி தன் இடத்திலே. ஒன்றையொன்று நெருக்கவில்லை. தமிழ்க்கரையில் யாரேனும் ஒரு மரக்கலம் கட்டிப் பாயிலே புலியைத் தீட்டுவார்களானால் முதலில் வாழ்த்துகிறவர்கள் நாமாகவே இருப்போம்.

ஆனால் இன்று நமது துறைகளில் காணும் காட்சி வேறு. நாகையிலும் இராமேசுவரத்திலும் மீன்பிடி விசைப்படகுகளைப் பார்த்தால், ஒரே மூங்கிலில் தேசியக்கொடியும், அதற்கு மேலே கட்சிக்கொடியும், இடையே அபிமான நடிகரின் படம் எழுதிய துணியும் தொங்குவதுண்டு. ஒரே கம்பத்தின் உச்சியில் தேசியக்கொடியோடு வேறு கொடியைப் பறக்கவிடலாகாதென்று 2002-ம் வருஷத்து இந்தியக் கொடிச் சட்டக்கோவை தெளிவாகக் கூறுகிறது. படகின் மேற்கூரையிலோ பக்கங்களிலோ பின்புறத்திலோ கொடியைப் போர்த்தலாகாது; கொடி தண்ணீரில் புரளலாகாது; அதன்மேல் எழுத்து எழுதலாகாது; கிழிந்ததை ஏற்றலாகாது; பழுதுபட்டதை மறைவிடத்தில் முழுமையாக, எரித்தோ வேறு கண்ணியமான முறையிலோ, ஒழிக்க வேண்டும். படகு என்ற வார்த்தையே அவ்விதிகளில் வருகிறது. செம்படவர்களை நாம் நிந்திக்கவில்லை. பிழைப்புக்காகப் புயலோடும் அயல்நாட்டு ரோந்துப் படகோடும் போராடுகிறவர்களுக்கு யாரும் இதைத் தமிழில் எடுத்துச் சொல்லவில்லை. படகின் பக்கத்தில் ஐ.என்.டி., டி.என். என்று தொடங்கும் பதிவெண்ணை எழுதச் சர்க்கார் கட்டாயப்படுத்துகிறது. அந்த எண்ணுக்கு மேலே பறக்க வேண்டிய கொடியைப் பற்றி எத்தனை மீன்துறை அலுவலகங்களில் ஒரு துண்டுக் காகிதமேனும் தமிழில் ஒட்டப்பட்டிருக்கிறது? தேர்தல் காலத்தில் கட்சிக்கொடியை இலவசமாகப் படகுக்குப் படகு கொடுத்துச் செல்லும் பிரமுகர்கள் பெயரை நாம் எழுதவில்லை; அவர்கள் தங்களைத் தாங்களே அறிவார்கள்.

உயிர் சம்பந்தமான ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆபத்து நேர்ந்தால் கொடியைத் தலைகீழாகக் கட்டலாமென்று ஒரு பழைய நம்பிக்கை பல தேசங்களில் உண்டு. அது நமக்கு உதவாது. காவி கீழே வரும்படி வேண்டுமென்றே ஏற்றுவது நமது சட்டத்தில் குற்றம். குற்றமாயிராவிட்டாலும், பச்சை மேலும் காவி கீழும் இருக்கும் துணியைத் தொலைவிலிருந்து பார்க்கிற அந்நியனுக்கு அது அபாயக்குறி என்று தெரியப்போவதில்லை. சர்வதேச விதிகள் ஒப்புக்கொண்ட அடையாளங்கள் வேறு: சிவந்த தீப்பந்தம், செம்மஞ்சள் புகை, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தித் தாழ்த்துவது, சைகைக் கொடிகளில் என், சி என்ற இரண்டையும் மேலும் கீழுமாக ஏற்றுவது. கொடி மரியாதையை ஆடம்பரமென்று எண்ணுகிறவர்கள் இதையாவது மனத்தில் வைக்கட்டும். துக்க நாட்களில் அரைக்கம்பத்தில் பறக்கவிடுவதற்கும் முறை உண்டு. முதலில் உச்சிவரை ஏற்றி, பின்னர் பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் மறுபடி உச்சிக்கு ஏற்றியே இறக்க வேண்டும். அதுவும் சர்க்கார் அறிவித்த தினங்களில் மட்டுமே.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு இதெல்லாம் ஏன் என்று கேட்பவர்களுக்கு நமது விடை இது. அவ்வூர்க் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் பிரித்து 1836-ல் கொள்ளிடத்தின் அணைக்கரைக்குக் கல் கொண்டுபோனார்கள். மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளம் மட்டுமே கிடக்கிறது. கங்கை நீரால் ஆன ஜயஸ்தம்பமென்று திருவாலங்காட்டுச் செப்பேடு பாடிய சோழகங்கம் ஏரிக்கு மைல் கணக்கில் கரை மட்டும் நீண்டிருக்கிறது. கல்லும் நீரும் போன ஊரில் நினைவு ஒன்றே முதலாக நிற்கிறது. அந்த நினைவைக் கேட்கக் கூடுகிற ஜனங்களுக்கு, குறிப்பாகப் பள்ளிப்பிள்ளைகளுக்கு, கடலோடும் முறை எதையாவது கையில் கொடுத்தனுப்ப வேண்டாமா? 1972-ல் பம்பாயில் வணிகக் கப்பல் மாலுமிகளுக்குரிய பயிற்சிக் கப்பலுக்கு இராஜேந்திரா என்றே பெயர் வைத்தார்கள். ஏறக்குறைய இருபது வருஷம் இளைஞர்கள் அதில் பயின்று வெளியேறினார்கள். சோழன் பெயர் கடலோடிகளுக்கு அங்கே பயன்பட்டது. அவன் ஊரில் அவ்வாறு பயன்படுவது எப்போது?

நாம் கேட்பது பெரிய செலவுக்குரியதன்று. அடுத்த ஆடித் திருவாதிரையின்போது விழா நடத்துவோர், ஓவியக் கப்பல்களோடு ஒரு மெய்யான பாய்மரத்தையும் திடலில் நாட்டட்டும். கடையாற் கம்பம், கூம்பின் உச்சி, வலப்புறக் கயிறு ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். என்.சி.சி.யின் கடற்படைப் பிரிவு மாணவர்கள் பாய்ப்படகு ஓட்டப் பழகுகிறார்கள். அவர்களை வரவழைத்துக் காலை எட்டு மணிக்கும் அந்தி நேரத்திலும் முறைப்படி கொடியேற்றி இறக்கிக் காட்டச் சொல்லலாம். புலிக்கொடியைக் கூம்பில் ஏற்றட்டும். கெடாவிலிருந்து விருந்தினர் யாரேனும் வந்தால் அவர்களுடைய கொடியை வலப்புறத்தில் ஏற்றட்டும். கடையாலில் நமது கப்பற்கொடி பறக்கட்டும். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, தில்னா என்னும் கேரளத்துத் தோழியோடு, 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து தாரிணி என்ற பாய்ப்படகில் புறப்பட்டு, பெருங்கடல்கள் வழியே உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார். நான்கு அந்நிய துறைகளில் தங்கி வந்த அவரைப் போன்ற ஒருவர் திடலில் நின்று, எந்தக் கொடியை எங்கே எப்பொழுது ஏற்றினார் என்று அரைமணி நேரம் தமிழில் சொன்னால், பத்துப் பிரசங்கங்களைக் காட்டிலும் பிள்ளைகளுக்கு அது விளங்கும்.

அதற்கு முன்னதாக, மீன்துறையினர் மேற்கண்ட விதிகளை ஒரே பக்கத்தில், படத்தோடு, செம்படவர்களின் சொந்தச் சொற்களில் அச்சிட்டு, படகுப் பதிவைப் புதுப்பிக்க வரும் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கலாம். அதோடு ஒரு நல்ல கொடியையும் சேர்த்துக் கொடுப்பார்களானால், அந்தச் செலவைக் குறித்துச் சட்டசபையில் கேள்வி கேட்கிறவர்கள் எந்தக் கட்சியாராயினும் அவர்களுக்குப் பதில் எழுத நமது பத்திரிகை தயாராயிருக்கிறது.